வெளியே போய்ச் சாகும் எலி

மேலூர் பக்கம் உரக்கடையில் எலி மருந்து என்று போய் நின்றால் முதலில் வரும் கேள்வி, "வீட்டுக்கா, வயலுக்கா?" வீட்டுக்கு என்று சொன்னால் கடைக்காரரின் கை நேராக நீலக் கட்டிகள் இருக்கும் பாக்கெட்டுக்குப் போகும். "இதை வைங்கண்ணே. தின்ன எலி உள்ள சாகாது. தாகம் எடுத்து வெளிய ஓடிரும், அங்கிட்டுப் போய்ச் செத்துப்போகும். வீடு நாறாது." பரணில் எலி செத்து ஒரு வாரம் நாறிய வீட்டுக்காரர் யாரும் இதற்கு மேல் பேரம் பேச மாட்டார். வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அங்கிட்டு என்று கை காட்டுகிறாரே, அந்த இடத்தைப் பற்றித்தான் நான் சில வருடங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வெளியே வாசல். வாசலைத் தாண்டினால் வைக்கோல் படப்பு. படப்பைத் தாண்டினால் கண்மாய்க்கரை, கரையில் புளியமரம், புளியமரப் பொந்தில் கூகை, அந்த வெள்ளை முக ஆந்தை. எலி எங்கே போய்ச் செத்தாலும் அது யாரோ ஒருவருடைய இடம்தான்.

இன்னொன்று, தாகம் எடுத்து எலி தண்ணீர் தேடி ஓடும் என்பதே பொய். பெரும்பாலான எலிகள் வளைக்குள்ளேயோ சுவர் இடுக்கிலேயோதான் சாகின்றன. மீதி எலிகள் வெளியே வருவது தாகத்தால் இல்லை. ரத்தம் போய்ப் போய், எங்கே இருக்கிறோம் என்ற நிதானம் தப்பி வருகின்றன.

அந்த நீலக் கட்டிக்குள் இருப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். இதய வால்வு மாற்றிக்கொண்டவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் வார்ஃபரின் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். ரத்தம் உறைந்து வால்வை அடைத்துவிடக் கூடாது என்று கொடுக்கும் மாத்திரை. அளவு கொஞ்சம் கூடினாலும் ஈறில் ரத்தம் கசியும், உடம்பில் நீலநீலமாகக் கன்றிப்போகும். அதனால்தான் அவர்களை அடிக்கடி ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். எலிக்கட்டியில் இருப்பதும் அதே குடும்பத்து மருந்துதான். சொல்லப்போனால் வார்ஃபரின் முதலில் எலிக்குத்தான் வந்தது. அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்துக்கொண்டிருந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வகம் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் வந்த வார்ஃபரின் 1948ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. மனிதருக்கு மருந்தானது அதற்கும் சில வருடம் கழித்து, 1954ல்.

ரத்தம் உறைவதற்குச் சில புரதங்கள் வேண்டும். அவற்றை ஈரல் செய்கிறது, அதற்கு வைட்டமின் கே தேவை. ஒருமுறை பயன்பட்ட வைட்டமினைத் திரும்பப் பயன்படும்படி ஆக்கிக்கொடுக்கும் நொதி ஒன்று உடம்பில் இருக்கிறது. இந்த மருந்து அந்த நொதியை முடக்கிவிடும். ஆனால் ஏற்கெனவே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் புரதம் தீரும்வரை எலிக்கு ஒன்றும் தெரியாது. தின்னும், ஓடும், மறுநாளும் வந்து அதே கட்டியைத் தின்னும். பெரும்பாலும் மூன்று நாளிலிருந்து ஏழு நாளுக்குள் சாகும். உடனே செத்தால் மற்ற எலிகள் உஷாராகிவிடும், மெதுவாகச் செத்தால் எதனால் செத்தது என்று ஓர் எலிக்கும் தெரியாது. வியாபாரத்துக்கு இது பெரிய பலம். கூகைக்கு ஆபத்தும் இதில்தான் இருக்கிறது.

வார்ஃபரினோடு நின்றிருந்தால்கூட இத்தனை கெடுதல் வந்திருக்காது. அதைப் பல நாள் தொடர்ந்து தின்றால்தான் எலி சாகும், உடம்பிலிருந்தும் ஓரளவு சீக்கிரம் போய்விடும். ஆனால் 1958லேயே ஸ்காட்லாந்தில் வார்ஃபரினுக்குச் சாகாத எலிகளைப் பார்த்துவிட்டார்கள். பிறகு மற்ற இடங்களிலும் அப்படியே ஆனது. 1970களில் அடுத்த தலைமுறை மருந்துகள் வந்தன: டைஃபெனாகூம், புரோமாடியோலோன், புரோடிஃபாகூம். நம்மூர்க் கடைகளில் கட்டியாகக் கிடைப்பது அநேகமாக புரோமாடியோலோன். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் 0.005 சதவீதம் என்று போட்டிருக்கும். படிக்கிறபோது ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் ஒரே ராத்திரி தின்றதே ஓர் எலியைக் கொல்லப் போதும். அது சாக இன்னும் நாலைந்து நாள் இருக்கிறது, அந்த நாலைந்து நாளும் தின்றுகொண்டே இருக்கும். சாகும்போது தன்னைக் கொல்லத் தேவையானதைப் போலப் பல மடங்கு விஷம் அதன் உடம்பில் இருக்கும். இந்த மருந்துகள் ஈரலைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடுவதில்லை. புரோடிஃபாகூம் எலியின் ஈரலில் பாதியாகக் குறைவதற்கே 300 நாளுக்கு மேல்கூட ஆகலாம்.

எலிக்கு நிதானம் தப்புகிறது என்றேனே, அதைக் கொஞ்சம் கவனியுங்கள். நல்ல எலி சுவரை ஒட்டித்தான் ஓடும். வெளிச்சத்தில் வெட்டவெளிக்கு வராது. மருந்து தின்ற எலி பட்டப்பகலில் களத்து நடுவில் உட்கார்ந்திருக்கும். கல்லை விட்டால்கூட மெதுவாகத்தான் நகரும். மேலே மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கருந்தோள் பருந்துக்கும், ராத்திரி வரும் கூகைக்கும், அப்படியே சாரைப்பாம்புக்கும் கீரிக்கும் அதைவிடச் சுலபமான இரை கிடைக்காது. வேட்டையாடும் உயிர்கள் தளர்ந்ததைத்தான் முதலில் எடுக்கும், அது இயற்கை. அப்படியென்றால் வயலில் இருக்கும் எலிகளில் விஷம் தின்றவையாகப் பார்த்து அவை பொறுக்குகின்றன என்று ஆகிறது. எலியைச் சதை பிய்த்துத் தின்றால்கூட ஈரலை விட்டுவிட வாய்ப்பிருக்கிறது. கூகை எலியை முழுசாக விழுங்குகிற பறவை. ஓர் எலியில் சாகாது. அடுத்த எலி, அதற்கடுத்த எலி என்று உண்டியலில் காசு சேர்வது மாதிரி அதன் ஈரலில் விஷம் சேர்ந்துகொண்டே போகும்.

எங்கள் சித்தப்பா வயலில் மோட்டார் ரூம் சுவரோரம் ஒரு கூகையைப் பார்த்தோம். உச்சிவெயில் நேரம். கூகை அந்த நேரத்தில் தரையில் இருக்கவே கூடாது. சுற்றி ஏழெட்டுக் காக்கை, கத்திக் கத்திக் கொத்தப் பார்க்கின்றன. கூகை பறக்கவில்லை. கிட்டே போனால் முகத்தைத் தாழ்த்தி, இறக்கையை விரித்துச் சீறும், அதுதான் அதன் வழக்கம். இது சீறவும் இல்லை. அந்த இருதய வடிவ வெள்ளை முகத்தில் அலகுக்கு மேல், மூக்குத் துவாரத்துக்குப் பக்கத்தில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. துண்டைப் போட்டுத் தூக்கினேன். இத்தனை பெரிய பறவைக்கு இவ்வளவுதானா எடை என்று தோன்றும்படி லேசாக இருந்தது. இறக்கையை மெதுவாக விரித்துப் பார்த்தேன். உள்பக்கம் தோல் தெரிகிற இடத்தில் கத்தரிக்காய் நிறத்தில் திட்டுத் திட்டாகக் கன்றியிருந்தது. எங்கேயும் கடிபட்ட காயம் இல்லை, எலும்பு ஒன்றும் உடையவில்லை. வாயின் உள்பக்கம் சிவப்பே இல்லாமல் வெளுத்துப்போயிருந்தது.

அட்டைப்பெட்டியில் வைத்து கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் பார்த்ததுமே வைட்டமின் கே ஊசி போட்டார். ஊசி குத்திய இடத்திலிருந்து ரத்தம் நிற்கவில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே நின்றோம். அன்று சாயங்காலமே அது செத்துப்போனது. அறுத்துப் பார்த்த மருத்துவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் தோலுக்கு அடியிலும் உறையாத ரத்தம் தேங்கியிருந்தது. "ஈரலை லேபுக்கு அனுப்பிப் பாக்காம இன்ன மருந்துன்னு நான் எழுதித் தர முடியாது. ஆனா அடியும் படாம, காயமும் இல்லாம இப்படி ரத்தம் கொட்டியிருக்குன்னா நான் முதல்ல நினைக்கிறது எலி மருந்தைத்தான்" என்றார். அதற்கு முந்தின வாரம்தான் பக்கத்து அரிசி ஆலையில் எலித்தொல்லை என்று சுற்றிலும் கட்டி வைத்திருந்தார்கள்.

ஒரு பறவையை வைத்து எல்லாம் சொல்லிவிட முடியாது, சரி. ஈரலைச் சோதிக்கிற ஊர்களில் என்ன தெரிந்திருக்கிறது என்று பார்ப்போம். பிரிட்டனில் செத்துக் கிடக்கும் கூகைகளைச் சேகரித்து ஈரலைச் சோதிக்கும் வேலை பல வருடமாக நடக்கிறது. நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இந்தப் புதுத் தலைமுறை மருந்துகளின் எச்சம் இருக்கிறது. அவை எல்லாம் விஷத்தால்தான் செத்தன என்று அர்த்தம் இல்லை. நிறையப் பறவைகள் சாலையில் வண்டி மோதிச் செத்தவை, எச்சமும் பலவற்றில் குறைவுதான். ஆனால் விஷம் அந்த நாட்டு வயல்வெளி முழுக்கப் பரவிக் கிடக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் காட்டுயிர் மருத்துவமனைக்கு வந்த செவ்வால் பருந்துகளில் 43ஐச் சோதித்தார்கள். 43லும் இருந்தது. 2020ல் வெளியான ஆய்வு அது.

நியூயார்க்கின் ஃபிளாக்கோவைப் பற்றி அப்போது செய்திகளில் படித்திருப்பீர்கள். 2023 பிப்ரவரியில் விலங்குக் காட்சிசாலையின் கூண்டுவலையை யாரோ வெட்டிவிட, வெளியே பறந்துபோன பெரிய கொம்பன் ஆந்தை. கூண்டிலேயே வளர்ந்தது, வேட்டையாடத் தெரியாமல் பட்டினி கிடந்து சாகும் என்று பயந்தார்கள். அது எலி பிடித்துத் தின்று ஒரு வருடம் நகரத்துக்குள்ளேயே வாழ்ந்து காட்டியது. 2024 பிப்ரவரியில் ஒரு கட்டடத்தில் மோதி விழுந்து செத்தது என்றுதான் முதலில் செய்தி வந்தது. பிறகு உடற்கூறாய்வில் தெரிந்தது: புறாக்களிடமிருந்து தொற்றிய வைரஸ் ஒரு பக்கம், உயிருக்கே ஆபத்தான அளவுக்கு எலி விஷம் இன்னொரு பக்கம். நான்கு வகை எலி மருந்து அதன் உடம்பில் இருந்தது.

இதைப் படித்ததிலிருந்து நான்குவழிச்சாலையில் அடிபட்டுக் கிடக்கும் ஆந்தைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வருகிறது. மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருச்சி போகிற சாலையில் விடிகாலையில் போனால் ஓரத்தில் கூகை கிடப்பதைப் பார்க்கலாம். வண்டி அடித்தது உண்மைதான். ரத்தம் குறைந்து தளர்ந்த பறவை, வருகிற லாரியின் முன்னால் எழும்ப ஒரு நொடி தாமதித்தது என்றால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

வயலில் வைப்பது பெரும்பாலும் வேறு மருந்து. கறுப்புப் பொடி, துத்தநாக பாஸ்பைடு. பொரியிலோ அரிசிக் குருணையிலோ கருவாட்டுத் தூளிலோ கொஞ்சம் எண்ணெய் விட்டு, 49 பங்குக்கு 1 பங்கு என்று கலந்து வைப்பார்கள். முதலில் சில நாள் மருந்து கலக்காத பொரியை வைத்து எலியைப் பழக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒருமுறை கடித்து வயிறு எரிந்த எலி அடுத்தமுறை அந்தப் பக்கமே வராது. வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயு கிளம்பி சில மணி நேரத்தில் கொல்லும். இது ஈரலில் தங்குவதில்லை, அதனால் செத்த எலியைத் தின்னும் பறவைக்கு நீலக் கட்டி அளவுக்கு ஆபத்து இல்லை. எலியின் குடலில் கரையாமல் கிடக்கும் பொடி மட்டும் அதைத் தின்கிறவற்றுக்கு ஆபத்துதான். ஆனால் தானியத்தில் கலந்து வரப்பில் வைத்தால் நேராக மயில் வந்து தின்னும். புறாவும் கௌதாரியும் தின்னும். மதுரை, சிவகங்கை, விருதுநகர்ப் பக்கங்களில் விஷத் தானியம் தின்று மயில்கள் கூட்டமாகச் செத்துக் கிடந்த செய்தி அடிக்கடி வருகிறது. தோட்டத்தை மயில் அழிக்கிறது என்று வேண்டுமென்றே வைக்கிறவர்களும் உண்டு, அது தண்டனைக்குரிய குற்றம். எலிக்கு என்று வைத்து மயில் செத்தாலும் செத்த மயிலுக்கு வித்தியாசம் கிடையாது. துத்தநாக பாஸ்பைடை வளைக்குள் வைத்து வாயை மண்ணால் மூடவேண்டும். வரப்பில் தூவவே கூடாது.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, ஆனால் விடவும் இல்லை. "ஏப்பா, கூகைக்குப் பாவம் பாக்குற, சரி. எனக்கு யாரு பாவம் பாக்குறது? பொதி கட்டுற நேரத்துல அகழான் எறங்குச்சுன்னா ஒரே ராத்திரியில திட்டுத் திட்டா வெட்டிப்போட்டுருது. வைகையில தண்ணி வந்து, காவல் காத்து, கடனை வாங்கிப் போட்ட நெல்லு." அவர் சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம். அகழான் என்கிற வயல் எலி தின்பதைவிட வெட்டிச் சாய்ப்பது அதிகம். கதிரை இழுத்துப்போய் வளைக்குள் சேர்த்து வைக்கும். அறுப்பு முடிந்து வளையை வெட்டினால் படிக்கணக்கில் நெல் கிடைக்கும். அதோடு எலி வழியாகப் பரவும் காய்ச்சலும் இருக்கிறது. எலியை விட்டுவிடச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை, யாருக்கும் இல்லை.

ஆனால் கணக்குப் போட்டால் விஷம்தான் நஷ்டம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எலி மூன்று வாரத்தில் குட்டி போடும். ஒரு ஈற்றுக்கு ஆறு, எட்டு. மருந்து வைத்து முக்கால்வாசியைக் கொன்றாலும் மீதி கால்வாசி சில மாதத்தில் பழைய கணக்குக்கு வந்துவிடும். அதைத் தின்ன வேண்டிய கூகை ஒன்று செத்தால் அந்தப் பொந்துக்கு அடுத்த கூகை எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. மருந்து வைக்க வைக்க எலி பெருகவும், எலி பெருகப் பெருக மருந்து வைக்கவும் ஆக, கடைக்காரருக்கு மட்டும்தான் நிம்மதி.

கூகை என்ன தின்கிறது என்பதற்கு யாரும் ஆராய்ச்சியாளரைத் தேடிப் போக வேண்டாம். கூகை தங்கும் மரத்தடியிலோ பாழடைந்த மண்டபத்திலோ தேடினால் கட்டைவிரல் பருமனில் கறுப்பு உருண்டைகள் கிடக்கும். புதிது என்றால் மேலே மெருகு பூசியதுபோல் பளபளக்கும். எச்சம் என்று நினைத்து ஒதுங்கவேண்டாம், செரிக்காத முடியையும் எலும்பையும் அது வாய்வழியே கக்கிய உருண்டை. தண்ணீரில் ஊறப்போட்டு ஊசியால் பிரித்தேன். சாம்பல்நிற முடிப்பொதிக்குள் மண்டையோடுகள் முழுசாக இருந்தன. எலியின் முன்பற்கள் ஆரஞ்சு நிறத்தில் வளைந்து அப்படியே தாடையில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு மூஞ்சூறு மண்டையும் இருந்தது, அதன் பல் வெள்ளையாகக் கூர்கூராக இருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். கூகை ஒன்று ஒரு ராத்திரிக்கு இரண்டு மூன்று எலி தின்னும். பொந்தில் குஞ்சுகள் இருக்கும் காலத்தில் தாயும் தகப்பனும் விடிய விடியக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். நெல்வயலில் இந்த வேலைக்கு ஆள் வைத்தால் எத்தனை கூலி கொடுக்கவேண்டியிருக்கும்!

இத்தனை உபகாரம் செய்கிற பறவையைத்தான் சாவுக்குருவி என்று கல்லெடுத்து விரட்டுகிறோம். எனக்கு மனசு பொறுக்காத விஷயங்களில் இதுவும் ஒன்று. அந்தக் காலத்திலும் அதன் குரலுக்குப் பயந்தார்கள், ஆனால் அதன் பசியும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சங்கப் பாட்டு ஒன்றில் தோழி ஊர்வாசல் பழைய மரத்துக் கூகையைக் கெஞ்சுவாள்: நெய்யிட்ட கறிச்சோறும் சுட்ட எலிக்கறியும் வயிறாரத் தருகிறோம், தலைவன் வருகிற நேரத்தில் மட்டும் அலறித் தொலைக்காதே என்று. கூகைக்கு விருந்து வைப்பதென்றால் எலிதான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கூகையை உழவுக்குத் துணையாக வைத்துக்கொள்வது வெளிநாடுகளில் நடக்கிற காரியம்தான். மலேசியாவில் செம்பனைத் தோட்டங்களில் மரப்பெட்டி செய்து கம்பத்தில் ஏற்றிவைத்துக் கூகைகளை வரவழைத்தார்கள். அங்கேயே 1980களில் இன்னொன்றும் தெரிந்தது: புதுத் தலைமுறை எலி மருந்து வைத்த தோட்டங்களில் கூகைகள் குறைந்துபோயின. பெட்டியும் நீலக் கட்டியும் ஒரே இடத்தில் ஒத்துவராது. இஸ்ரேலில் 1983ல் ஒரு கூட்டுப் பண்ணையில் ஆரம்பித்த கூண்டுப்பெட்டித் திட்டம் பிறகு எல்லை தாண்டி ஜோர்டானிலும் பாலஸ்தீனப் பகுதியிலும் பரவியது. ஆந்தைக்கு எல்லை தெரியாது, ஒரு பக்கம் விஷம் வைத்தால் மறுபக்கத்துக்கும் நஷ்டம். நம் நாட்டிலேயே லட்சத்தீவில் கவரத்தியில் தென்னங்குரும்பையைக் கடிக்கும் எலிகளை அடக்கக் கேரளத்திலிருந்து கூகைகளைக் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். நமக்கு எங்கிருந்தும் கொண்டுவர வேண்டியதில்லை. கோபுரப் பொந்திலும் பழைய பள்ளிக்கூட ஓட்டுக்கு அடியிலும் ஏற்கெனவே இருக்கிறது.

அரிட்டாபட்டியைப் பற்றிப் பேசாமல் மேலூர்க்காரன் பறவையைப் பற்றி எழுத முடியாது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு என்று மூன்று வேட்டைப்பறவைகளை அந்த அறிவிப்பே தனியாகக் குறிப்பிடுகிறது. பிறகு டங்ஸ்டன் சுரங்கம் என்று ஆபத்து வந்தபோது இந்த ஊர் ஜனங்கள் கட்சி, சாதி பார்க்காமல் மேலூரிலிருந்து மதுரைக்கு நடந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த வெற்றியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கும். அதே ஜனங்களிடம்தான் இதையும் கேட்கிறேன். மலையில் கூடு கட்டும் பறவை மலையில் மட்டும் இரை தேடுவதில்லை. கொம்பன் ஆந்தை பாறை இடுக்கில் பகலெல்லாம் இருந்துவிட்டு இருட்டியதும் இறங்கி வயலுக்கு வரும். பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பூனைப்பருந்துகள் நெல்வயலுக்கு மேலே தாழப் பறந்து எலியும் தத்துக்கிளியும் தேடும். அறிவிப்பில் போட்ட எல்லைக்கோடு அவற்றுக்குத் தெரியாது. 193 ஹெக்டேர் மலையைக் காத்துவிட்டு, அடிவாரத்து வயலிலும் ஆலையிலும் கோழிப்பண்ணையிலும் நீலக் கட்டியை வைத்தால் மலை இருக்கும், மலைமேல் பறவை இருக்காது.

கடையில் விற்பதைக் கட்டுப்படுத்த முடியாதா என்றால், முடியும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்டை மனித உயிர்கள் போகின்றன என்று தமிழ்நாடு அரசு தடை செய்தது. கலிஃபோர்னியா 2020ல் சட்டம் போட்டு, ரத்தத்தை உறையவிடாத புதுத் தலைமுறை எலி மருந்துகளின் பெரும்பாலான பயன்பாட்டை நிறுத்திவைத்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் 2021ல் தற்காலிகமாகவும் 2023ல் நிரந்தரமாகவும் கட்டுப்படுத்தியது. செத்த மாட்டைத் தின்னும் பாறு கழுகுகள் 1990களில் கொத்துக் கொத்தாக அழிந்தபோது, மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசிதான் காரணம் என்று உறுதியானதே 2004ல். 2006ல் கால்நடைக்குத் தடை வந்தது. அதற்குள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போய்விட்டது. இங்கேயும் முதல் வேலை, செத்துக் கிடக்கும் வேட்டைப்பறவைகளின் ஈரலை எடுத்துச் சோதிக்கும் ஏற்பாடு. கால்நடைப் பல்கலைக்கழகமும் வனத்துறையும் மனசு வைத்தால் நடக்கும். அதுவரைக்கும், பத்து ரூபாய்க்குப் பெட்டிக்கடையில் மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து இதை விற்பதையாவது நிறுத்தவேண்டும்.

சித்தப்பா இந்தப் போகத்தில் மாற்றியது சிலவற்றைத்தான். வரப்பைச் சீவி ஒடுக்கமாக்கினார். அகலமான வரப்பில்தான் அகழான் வளை தோண்டும். நடவுக்கு முன்னால் வளைகளை வெட்டி மூடினார். பக்கத்து வயல்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே வாரத்தில் எல்லாருமாகச் செய்தார்கள், தனியாளாகச் செய்தால் எலி பக்கத்து வயலில் போய் உட்கார்ந்து திரும்பி வரும். எலி பிடிக்கும் மூங்கில் கிட்டி வாங்கி வைத்தார்கள். அங்கங்கே ஆள் உயரத்துக்கு மேல் குறுக்குக்கட்டை அடித்த கம்பு நட்டார்கள், ராத்திரியில் கூகையும் ஆந்தையும் பகலில் கருந்தோள் பருந்தும் உட்காரும். கதிர் முற்றும்போது மைனா உட்காருகிறது என்று அந்தக் கம்பைப் பிடுங்கிவிட்டார், அதில் எனக்கு வருத்தம்தான். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருக்கலாம். எலிச்சேதம் அடியோடு நின்றுவிடவில்லை. "போன வருசத்தைவிட மோசம் இல்லப்பா" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அதுவே பெரிய பாராட்டு.

வீட்டுக்கு இன்னும் சுலபம். சாக்கடைத் துவாரத்துக்குக் கம்பிவலை, கதவுக்கு அடியில் தகடு, அரிசிக்கு மூடி போட்ட டிரம், எலிக்கூண்டு, அடிக்கும் பொறி. பசை அட்டையை மட்டும் வாங்காதீர்கள். திண்ணையில் வைத்த பசையில் எலியைப் பிடிக்க வந்த புள்ளி ஆந்தை ஒட்டிக்கொண்டு துடித்ததைப் பார்த்திருக்கிறேன். ஆலை, கிட்டங்கி என்று கட்டி வைத்தே தீரவேண்டிய இடமானால் எலி மட்டும் நுழையும் பெட்டிக்குள் கட்டிப்போட்டு வையுங்கள். வேலை முடிந்ததும் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், வருடம் முழுக்கக் கிடக்க விடாதீர்கள். அந்த நாட்களில் காலையும் மாலையும் ஒரு சுற்று வந்து, செத்த எலியையும் தள்ளாடும் எலியையும் எடுத்து ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். வாலைப் பிடித்துத் தூக்கிக் குப்பைமேட்டில் வீசினால் காக்கையும் கள்ளப்பருந்தும் நாயும் அங்கேதான் இருக்கின்றன.

பகலில் தரையில் கூகையோ பருந்தோ பறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், முதலில் காக்கையையும் நாயையும் விலக்குங்கள். தடித்த துண்டை மேலே போட்டு, இறக்கையைச் சேர்த்து மூடித் தூக்குங்கள். கால்நகம் ஆழமாக இறங்கும், காலை முதலில் பிடிக்கவேண்டும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். தண்ணீரோ பாலோ வாயில் ஊற்றவேண்டாம், மூச்சுக்குழலில் போய்விடும். கூட்டம் கூட்டிப் படம் எடுக்கவும் வேண்டாம். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். போகும்போது பெட்டியின் மேல் ஒரு தாளில், எங்கே கிடந்தது, எப்போது பார்த்தீர்கள், பக்கத்தில் யாராவது எலி மருந்து வைத்தார்களா, என்ன மருந்து என்று எழுதி ஒட்டுங்கள். முடிந்தால் அந்தப் பாக்கெட்டையே கொண்டுபோங்கள். வைட்டமின் கே ஊசியை உடனே ஆரம்பிப்பதா, அதை எத்தனை வாரம் தொடர்வது என்று மருத்துவர் முடிவெடுக்க அந்தப் பாக்கெட்டில் இருக்கும் மருந்தின் பெயர் தேவைப்படும்.